சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நமது சங்கம் நடத்திய கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. வகுப்புக்கு வர முடியாத அங்கத்தவர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



போன வகுப்பில் ஒரு தலைவி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது இதுதான்: "டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, தேயிலைதான் நாட்டைக் காப்பாற்ற வேண்டும், கொழுந்து எடுப்பது உங்கள் கடமை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டு கிலோ குறைந்தால் எனக்கு அரைப்பேர்தான் போடுகிறார்கள். கடமை மட்டும் முழுசு, பேர் மட்டும் அரையா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாட்டுக்குக் கடமை என்றால் என்ன? அதை யார் யாரிடம் கேட்கலாம்? இதை யோசித்தபோதுதான் மலாயா நினைவுக்கு வந்தது. அங்கே நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்கள் ஒரு படையில் சேர்ந்தார்கள். இந்திய தேசிய இராணுவம். ஐ.என்.ஏ. என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். நம் லயங்களில் நேதாஜி படம் மாட்டாத வீடு ஒரு காலத்தில் குறைவு. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் சந்திரபோஸ் என்று இரண்டு பேராவது கை தூக்குவார்கள். ஆனால் அந்தப் படையில் தோட்டத்துச் சனங்கள் எத்தனை பேர் இருந்தார்கள், போய் வந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் அந்த மலாயாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நம் முன்னோர் மண்டபம் முகாமைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினார்கள். அதே திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துச் சனங்களில் இன்னொரு பகுதி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது. என் பாட்டனார் இங்கே வந்தார். அவருடைய தம்பி அங்கே போனார். இங்கே தேயிலை, அங்கே இறப்பர். அங்கே பால்மரம் சீவுவது என்று சொல்வார்கள். மற்றபடி கங்காணி, கிராணி, துரை, லயம், கள்ளுக்கடை எல்லாம் அங்கேயும் உண்டு. சாதிக்கொரு லயம் ஒதுக்கியதும் உண்டு. துரை எதிரே வந்தால் நம்மவர்கள் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, கானுக்குள் இறங்கி நின்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே அதோடு இன்னொன்றும் இருந்தது. சைக்கிளில் போகும் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும்.

1941ஆம் ஆண்டு, ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளர் அதில் முன்னணியில் நின்றார். கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, கூட்டம் கூட உரிமை. இவற்றோடு சமமாக வைத்த ஒரு கோரிக்கை: துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சம்பளக் கோரிக்கைக்குள் இது எதற்கு என்று ஒரு கணக்கப்பிள்ளை கேட்கலாம். ஒரு தொழிலாளி கேட்க மாட்டார்.

அந்த வேலை நிறுத்தத்தை இராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். நமக்கு இங்கே 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். ஒரு வருட இடைவெளியில் இரண்டு நாட்டுத் தோட்டங்களிலும் ஒரே வெள்ளை அரசாங்கம், ஒரே பதில்.

அதே வருடம் டிசெம்பர் 8ஆம் திகதி ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. கால் நூற்றாண்டாகச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார் பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் பிரித்தானிய இந்திய இராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து, பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் போர்க் கைதிகளிடமிருந்து கேப்டன் மோகன் சிங் கட்டியதுதான் முதல் இந்திய தேசிய இராணுவம். அது சில மாதங்களே நிலைத்தது. ஜப்பானியர் தன்னைக் கருவியாக்கப் பார்க்கிறார்கள் என்று மோகன் சிங் முரண்பட்டார். அந்த வருடக் கடைசியில் அவரைக் கைது செய்தார்கள், படை கலைந்தது.

இந்த முதற்படையில் நம்மவர்களுக்கு வேலையில்லை. அது தொழில்முறைச் சிப்பாய்களின் படை. வெள்ளைக்காரன் சில இனங்களைப் 'போர் இனம்' என்று பிரித்து வைத்திருந்தான். பஞ்சாபி, கூர்க்கா, பட்டாணி எல்லாம் அதில் வருவார்கள். தோட்டத்துத் தமிழன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். அவன் கூலி. கூலிக்குத் துப்பாக்கி எதற்கு?

1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4இல் கெத்தே மண்டபத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் பாடாங் மைதானத்தில் படையின் முன்னால் நின்றார். ஒக்டோபர் 21இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நமக்கு முக்கியமானது அவர் செய்த வேறொரு காரியம். சிப்பாய்களை மட்டும் நம்பாமல், மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த சாதாரண இந்தியர்களைப் படைக்கு அழைத்தார். கடைக்காரர், கிளார்க், இரயில்வே தொழிலாளி, பால்மரம் சீவுகிறவர். அவர்களில் பெரும் பகுதி தமிழர். அவர் ஹிந்துஸ்தானியில் பேசுவார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். மழையில் நின்று கேட்டார்கள்.

ஏன் நின்றார்கள்? நான் இதைப் பல வருடமாக யோசித்திருக்கிறேன். இந்தியாவைப் பார்த்தே இராத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு டெல்லி எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'டெல்லி சலோ' என்றால் போக வேண்டிய ஊர் ஒன்று என்று மட்டும் தெரியும். அப்படியானால் எந்த நாட்டுக்காக அவர்கள் கை தூக்கினார்கள்?

எனக்குப் படுவது இதுதான். அவர்களை அதுவரைக்கும் யாரும் எதற்கும் 'வா' என்று அழைத்ததில்லை. 'போ' என்றிருக்கிறார்கள், 'ஏறு' என்றிருக்கிறார்கள், 'இறங்கு' என்றிருக்கிறார்கள். அந்தப் படையில்தான் முதல் தடவையாக ஒரு தோட்டத் தொழிலாளி, ஒரு பஞ்சாபி அதிகாரியும் ஒரு செட்டியாரின் மகனும் சொன்ன அதே சத்தியப்பிரமாணத்தைச் சொன்னான். மலாயா முழுக்கப் பெருந்தொகையான சனங்கள் தற்காலிக அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்து வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருப்பார்கள். கங்காணியின் கடன் கணக்கிலும் அவர்கள் கைநாட்டு இருந்தது. இது வேறு கைநாட்டு. இதில் அவர்கள் பிரஜை.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனின் இந்தியப் படையில் மதத்துக்கு ஒரு சமையலறை. இந்திய தேசிய இராணுவத்தில் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு போஸை அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று அவர் சொன்னதாக அவரோடு இருந்த ஆபித் ஹசன் பதிவு செய்திருக்கிறார். கோயில்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டுதான் அவர் உள்ளே போனார். சாதிக்கொரு லயத்திலிருந்து வந்தவனுக்கு இது செய்தி அல்ல, அதிர்ச்சி. நம் தோட்டங்களில் இன்றைக்கும் கோயில் திருவிழாவில் யார் முதலில் வடம் பிடிப்பது என்று சண்டை வருகிறது. அதை இங்கே விரித்துப் பேசினால் தலைவர்மார் சிலருக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இனி பெண்கள். தலைவிமாருக்காக இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பொறுப்பில் ஜான்சி ராணி படை அமைந்தது. 1943 ஒக்டோபர் 22இல் சிங்கப்பூரில் முகாம் திறந்தார்கள். பல நூறு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாயா இறப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். விடியற்காலை எழுந்து பால்மரம் சீவிய கை, காற்சட்டையும் தொப்பியும் போட்டுத் துப்பாக்கி பிடித்தது. அணிவகுப்பு, நெடுந்தூர நடை, குறி பார்த்துச் சுடுதல், தாதியர் பயிற்சி எல்லாம் உண்டு. ரோமன் எழுத்தில் ஹிந்துஸ்தானி படிக்கவும் வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலையே காணாத பிள்ளைகள் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் துப்பாக்கியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் கையெழுத்தோடு, தன் முடிவில், தோட்டத்து எல்லையைத் தாண்டிப் போனது. கங்காணி அனுப்பவில்லை. புருஷன் அனுப்பவில்லை.

சரி, இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். இதை மறைத்துவிட்டு வீரக் கதை மட்டும் சொல்லி உங்களை அனுப்பினால் நான் நல்ல கல்வி வகுப்பு நடத்தியவன் ஆக மாட்டேன்.

இந்தப் படை ஜப்பானின் துணையோடு நின்ற படை. அதே ஜப்பான் இராணுவம் சிங்கப்பூரில் சீன மக்களை வரிசையில் நிறுத்திக் கொன்றது. அதே ஜப்பான் இராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் இரயில் பாதை போடக் கொண்டுபோனது. நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று சொல்லி ஆரம்பித்தார்கள். ஆள் வராதபோது பிடித்து ஏற்றினார்கள். 415 கிலோமீற்றர் பாதை. 1943 ஒக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பசி, அடி. போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் காட்டிலேயே கிடக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அங்கே பாதை முடிந்த அதே 1943 ஒக்டோபரில்தான் சிங்கப்பூரில் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. தன் பிரஜைகள் என்று சொன்னவர்கள் காட்டில் செத்துக்கொண்டிருந்ததை அந்த அரசாங்கத்தால் தடுக்க முடியவில்லை. பிறகு இந்திய தேசிய இராணுவத்தினர் பர்மா போர்முனைக்கு அந்த ரயிலிலேயே போனார்கள். தன் அண்ணனோ மாமனோ போட்ட தண்டவாளம் என்று தெரிந்தும் தெரியாமலும் போயிருப்பார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தோட்டங்கள் மூடிக் கிடந்தன. இறப்பர் வாங்க ஆளில்லை. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். அப்படியான காலத்தில் படையில் சேர்ந்தால் சாப்பாடு. ரயில் பாதைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள். அப்படியானால் இவர்கள் நாட்டுப்பற்றில் சேர்ந்தார்களா, பசியில் சேர்ந்தார்களா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள். பசியோடு போனவனுக்கு நாட்டுப்பற்று இருக்க முடியாது என்று யார் சொன்னது? நாமும் சங்கத்துக்கு வந்தது சம்பளத்துக்காகத்தான். வந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944இல் இம்பால் நோக்கிய போர் தோல்வியில் முடிந்தது. குண்டில் செத்ததைவிடப் பசியிலும் வயிற்றோட்டத்திலும் மலேரியாவிலும் செத்தவர்கள் அதிகம். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். ஜான்சி ராணிப் பெண்களோடு போஸும் இரவிரவாக நடந்தார். அந்தப் பின்வாங்கலில் அந்தப் படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சூடுபட்டு இறந்தார்கள். ஓகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. போஸும் விமான விபத்தில் இறந்தார். பிரித்தானியர் சிங்கப்பூருக்குத் திரும்பியதும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கடற்கரையோரம் இந்திய தேசிய இராணுவத்தின் மாண்டவர்களுக்காக எழுப்பியிருந்த நினைவுத் தூணை உடைத்தது. இரண்டு மாதம்கூட நிற்காத ஒரு சீமெந்துத் தூண். அதற்கே அவ்வளவு பயம்.

டெல்லியில், செங்கோட்டையில், மூன்று அதிகாரிகளை விசாரித்தார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லன். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தி, இந்தப் படையில் மதம் இல்லை என்பதை வெள்ளைக்காரனே ஊருக்குக் காட்டினான். இந்தியா கொதித்தது. 1946 ஜனவரியில் தண்டனையைத் தள்ளுபடி செய்து அவர்களை விட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தார்கள். வெற்றி பெறாத ஒரு படை, தோற்ற பிறகுதான் தன் வேலையில் பெரும் பகுதியைச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் சுதந்திர இந்தியா அவர்களைத் தன் இராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகி ஓய்வூதியம் வந்தது 1972இல்தான்.

அது இந்தியாவில் இருந்தவர்களுக்கு. நம்மவர்கள் எங்கே போனார்கள்?

லயத்துக்கு. அதே தோட்டம், அதே லயம், அதே துரை. சில இடத்தில் துரை போர்க் கைதி முகாமிலிருந்து மெலிந்து வந்திருப்பார். இவர்கள் பர்மாக் காட்டிலிருந்து மெலிந்து வந்திருப்பார்கள். அவருக்குப் பங்களா திரும்பக் கிடைத்தது. இவர்களுக்குப் பால்வாளி திரும்பக் கிடைத்தது.

ஆனால் ஒன்று மாறியிருந்தது. இனிமேல் இறங்க மாட்டார்கள்.

கெடா மாநிலத்தில் பீடோங் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. அங்கே ஏ. எம். சாமி என்பவர் 1946இல் தொண்டர் படை என்று ஒன்றைக் கட்டினார். படை என்றதும் துப்பாக்கி என்று நினைக்காதீர்கள். பழைய இந்திய தேசிய இராணுவத்துக்காரர்கள் இளைஞர்களுக்கு அணிவகுப்புப் பழக்கினார்கள். கையில் கம்பு. அவர்கள் போர் தொடுத்தது கள்ளுக்கடை மேல். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்த சம்பளத்தைச் சாயந்தரமே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. குடிப்பவனைத் தடுத்தார்கள், கடை முன்னால் மறியல் செய்தார்கள், லயத்தைச் சுத்தம் செய்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பகுதியில் ஒரு தோட்டம் விட்டு ஒரு தோட்டமாகப் பரவியது.

1947இல் கள்ளுக்கடை மறியலில் பொலிஸ் புகுந்து அடித்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதைக் கண்டித்துத் தோட்டங்கள் நின்றன. கைதுகள், சிறை. சாமியையும் சிறையில் போட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களைத்தான் அரசாங்கம் ஒழுங்கைக் கெடுத்தவர்கள் என்றது.

கவனியுங்கள் தோழர்களே. இந்திய தேசிய இராணுவத்தில் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கடமை இந்தியாவை மீட்பது. அவர்கள் மலாயாவில் அதைச் செய்ய வழியில்லை. ஆனால் கடமை என்ற பழக்கம் கையில் இருந்தது. அதை லயத்துக்குக் கொண்டு வந்து, பக்கத்துக் காம்பராவில் இருப்பவனுக்குச் செய்தார்கள். எனக்கு இம்பாலைவிட இதுதான் பெரிய போர். இதற்குப் பதக்கம் கிடையாது.

அங்கிருந்து தொழிற்சங்கங்களுக்கு நேராக வழி போனது. எஸ். ஏ. கணபதி இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தமிழர், சீனர் என்று பாராமல் எல்லாத் தொழிலாளரும் இருந்த சம்மேளனம். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது, சம்மேளனத்தைத் தடை செய்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்தின் பேரில் கணபதியை 1949 மே 4ஆம் திகதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசாங்கம் கேட்டும் விடவில்லை. முதல் நாள் மே 3இல் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தேர்ந்த பாதையைப் பற்றி நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கும். எனக்கும் உண்டு. ஆனால் ஒரு தொழிற்சங்கத் தலைவரைத் தூக்கில் போட்ட நாளை மே தினத்துக்கு மூன்று நாள் கழித்து நாம் நினைக்காமல் இருப்பது சரியில்லை.

மற்றொருவரைச் சொல்கிறேன். ராசம்மா பூபாலன். யாழ்ப்பாண வம்சத்தவர், ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் தன் சகோதரியோடு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரைக்கும் போனார். போருக்குப் பிறகு படித்து ஆசிரியரானார். 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் கட்டி அதன் தலைவியானார். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்ததை எதிர்த்து, சம வேலைக்குச் சம சம்பளம் வாங்கும் போராட்டத்தில் முன்னின்றார். அந்தப் பத்தாண்டிலேயே அது கிடைத்தது. நம் தோட்டங்களில் ஆண் பெண் சம சம்பளம் எப்போது வந்தது? 1984இல். தலைவிமார் சிலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின சம்பளத் துண்டை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதக் கேள்விக்கு வருகிறேன். அம்மா, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. மலாயாவில் அந்தச் சனங்கள் கடமைக்கு அஞ்சவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. உயிரையே கொடுத்தார்கள். ஆனால் அவர்களிடம் கடமை கேட்டவர் முதலில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார், ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார், பிரமாணத்தில் பெயரைச் சேர்த்தார். கேட்டது பிறகுதான். அதனால்தான் தோற்ற பிறகும் அந்தக் கடமை அவர்களை விட்டுப் போகவில்லை. இங்கே நமக்கு நடந்தது தலைகீழ். 1947 தேர்தலில் வாக்குப் போட்டோம். மலையகத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாம் நாடற்றவர் ஆனோம். நாடற்றவர் ஆன மறுநாள் காலையிலும் பிரட்டு ஆறு மணிக்குத்தான். கொழுந்து நிற்கவில்லை, ஏற்றுமதி நிற்கவில்லை. நாட்டுக்கு நம் கடமை தேவைப்பட்டது, நாம் தேவைப்படவில்லை. நாடற்றவர் என்ற அந்தப் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரைக்கும் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே டொலருக்காகக் கடமை செய்யச் சொல்கிறவரிடம், காணி உறுதி எங்கே, வீட்டுக்கு விலாசம் எங்கே, முழுப்பேர் எங்கே என்று கேட்பது கடமையைத் தட்டிக் கழிப்பது ஆகாது. அதை வாய் திறந்து கேளுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டக் கிளையும் அரைப்பேர் போட்ட நாட்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும் என்று மத்திய குழு கேட்டிருக்கிறது. அந்தக் கொப்பியை இன்னும் தொடங்காத கிளைகள் இந்த மண்டபத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக, என் பாட்டனாரின் தம்பியைச் சொல்லி முடிக்கிறேன். அவர் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்தப் பிரிவு, எங்கே போனார் என்று எனக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. போருக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. 1949 அல்லது 50ஆக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன், பழைய தோட்டத்திலேயே பழைய மர வரிசையே கொடுத்திருக்கிறார்கள், பெரியவனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாராம். முடிவில் ஒரு கேள்வி: 'அங்கே நம்ம ஆட்களுக்கு ஓட்டு கிடைத்துவிட்டதாமே, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?'

அந்தக் கடிதம் வந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. பாட்டனார் பதில் எழுதினாரா என்று என் அப்பாவுக்கும் தெரியாது.

தேநீர் தயாராகிவிட்டது என்கிறார்கள். குடித்துவிட்டு வந்து கேள்விகளை எடுத்துக்கொள்வோம். அந்தக் கொப்பியைக் கொண்டு வந்த கிளைகள் முதலில் பேசட்டும்.